கூன் நிமிர்ந்த காசு

கப்பலேறப் போனவன் ஒரு வெள்ளிக்காசைச் சுத்தியலால் தட்டி வளைத்து, "இனி இதை எந்தக் கடையிலும் வாங்கமாட்டான், நீயே வச்சுக்க" என்று செவந்தியிடம் கொடுத்துப் போனான்.

பெட்டிக்குள் கிடந்த மற்ற காசுகள் அதைச் சும்மா விடவில்லை. "ஏ கூனி, தள்ளிப் படு!"

பொறுக்கமாட்டாமல் அது பக்கத்திலிருந்த சுத்தியலிடம் அழுதது. "அண்ணாச்சி, என்னை நிமித்தி விடுங்க."

"வேணாம்மா. அவ தினம் தடவிப் பார்க்கிறது அந்தக் கூனைத்தான்."

காசு கேட்டால்தானே? ஒரே தட்டில் நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் செவந்தி பெட்டியைக் கவிழ்த்துத் துழாவினாள். "நான்தான் தாயி!" என்று அது கத்தியது மனுசக் காதுக்கு எட்டுமா? நேற்று தடவிப் பார்த்துக்கொண்டே போய்த் தண்ணி இறைக்கும்போது கிணற்றில் தவறவிட்டிருப்போம் என்று நினைத்து, முங்கித் தேடுகிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எப்படியாவது எடுத்துத் தாங்க" என்று அழுதுகொண்டே கைக்கு வந்த காசைக் கூலியாக நீட்டினாள். அது அந்தக் காசுதான். அவர் அதை மடியில் முடிந்துகொண்டு, அதைத் தேடக் கிணற்றில் இறங்கினார்.