தெருவுக்கு அந்தப் பக்கம்

கிழக்கு வரிசை வீடுகளுக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய். மேற்கு வரிசைக்கு ஒன்றுமில்லை. அரசு கொடுக்கும் பணம் ஊரைத் தூக்கி நிறுத்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓராண்டுக்கு இந்த ஏற்பாடு. அந்தப் பணமோ, அதில் வாங்கிய பொருளோ தெருவைத் தாண்டினால் ஆய்வு கெட்டுவிடும்; அதைக் கண்காணிக்கத் தெருவெங்கும் கேமரா இருந்தது. கிழக்கு வரிசை முழுவதற்கும் பணம் நின்றுபோகும்.

எதிர்வீட்டில் தங்கை சாரதாமணி மூச்சுக்குத் திணறுவது கோதைநாயகியின் வாசல்வரை கேட்டது. அந்தப் பணத்தில் வாங்கிய புது இன்ஹேலரை எடுத்துக்கொண்டு இறங்கியவளின் கையைப் பக்கத்து வீட்டு மயிலாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கண்ணு. பதினாலு குடும்பம் இதை நம்பித்தான் இருக்குது."

"அவ செத்துப்போயிருவாளுங்க்கா."

கோதைநாயகி கையை உதறிக்கொண்டு ஓடினாள். தங்கையின் வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தும்போதே, எதிர்வரிசையில் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பணம் நின்றுவிட்டது.

சாரதாமணிக்கு மூச்சு சீரான பிறகு, வசவு வாங்கத் தயாராகக் கோதைநாயகி வெளியே வந்தாள். மயிலாத்தாள் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

"எம் மவ வீடும் இந்தப் பக்கந்தானே, கண்ணு. எட்டு மாசமா வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன்."