வெயிலுக்கு மங்காத மை

“ஏனுங்க, வெயில்லயே கெடந்தாலும் மங்காத மை இருக்குதுங்களா?”

கோகிலவாணி கணினித் திரையிலிருந்து நிமிர்ந்தாள். அச்சுக்கடை வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நாமக்கல்லில் அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு யாரும் தொழில் என்ன என்று கேட்பதில்லை.

பெயர் சண்முகவேல். லாரியில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வருகிறவர். முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த படம் வெளுத்துவிட்டதாம். இதற்கு முன் மூன்று இடங்களில் போட்டுப் பார்த்தும் எதுவும் ஒரு வருடம் தாங்கவில்லையாம். முகம் அழிந்த படத்தோடு வண்டியை எடுக்க மனமில்லாமல், ஏற்றின லோடை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

செல்போனை நீட்டினார். ஆறேழு வயதுச் சிறுமி. கறுப்பு வெள்ளை. அச்சடித்த ஏதோ ஒரு தாளிலிருந்து எடுத்த படம். முகமெங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள்.

“ஊட்டுல நல்ல போட்டோ வேற இல்லீங்களாண்ணா?”

“அவங்க ஊட்டுல இருக்குமுங்க. நான் போய்க் கேக்க முடியாது.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தனியே போயிருப்பாள். இருபது வருடமாக ஊரார் குடும்பங்களை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு, படத்தில் இல்லாத ஆளையும் ஊகித்துவிட முடியும். மேற்கொண்டு அவள் கேட்கவில்லை.

மை விவரத்தைச் சொன்னாள். சாதாரண மை வெறும் சாயம். தாளுக்குள் ஊறிப் பளிச்சென்று இருக்கும், வெயில் பட்டால் ஓடிப்போகும். பிக்மென்ட் இங்க் நுண்ணிய பொடி. கொஞ்சம் அடங்கின நிறம்தான், ஆனால் வெயில் அதை லேசில் அசைக்காது. அதில் கறுப்பு மட்டும் இரண்டு வகை. வழுவழுத் தாளுக்கு ஒன்று, பளபளப்பில்லாத தாளுக்கு ஒன்று.

இரண்டிலும் சின்னதாக ஒவ்வொன்று அடித்துக் கொடுத்தாள். அவர் வழுவழுத் தாளை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். தாள் மின்னியது. முகம் காணாமல் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடித்தார். எப்படிச் சாய்த்தாலும் அந்தப் பிள்ளையின் கண்கள் அடர்கறுப்பாக அவரையே பார்த்தன.

“இதுங்க” என்றார்.

கலரிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னாள். அதற்கு நிறங்கள் தெரிய வேண்டும். கவுன் மஞ்சள் என்று யோசிக்காமல் சொன்னார். அவள் திரையில் வைத்த முதல் மஞ்சள் அவருக்குச் சரிப்படவில்லை. இரண்டாவதும் இல்லை. எலுமிச்சை பழுக்கத் தொடங்கும்போது வருமே, அது என்றார். இடது கையில் மட்டும் பச்சை வளையல். வலது கையில் ஒன்றுமில்லை. பிள்ளை என்ன நிறம் என்று கேட்டபோதுதான் தடுமாறினார். அது சரியாக நினைவில்லை, நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றார்.

பிரிந்து அத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“இப்ப என்ன படிக்குதுங்கண்ணா?”

அவர் கையிலிருந்த சின்னப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். கேட்டிருக்கக் கூடாது என்று அவள் திரைப் பக்கம் திரும்பினாள். பேச்சில்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். அவள் வாடகை வீட்டில் காலையில் வைத்த தம்ளர் சாயங்காலம் வரை வைத்த இடத்திலேயே இருக்கும். கடைக்கு வருகிறவர்களும் அளவைச் சொல்வார்கள், எத்தனை பிரதி என்பார்கள், போய்விடுவார்கள்.

அவருடைய செல்போன் அடித்தது. முதலாளி போலிருக்கிறது. முட்டை கெட்டுப்போகும் என்று அந்தப் பக்கத்துக் குரல் கத்தியது அவளுக்கே கேட்டது.

“படம் வந்தாத்தானுங்க வண்டி நகரும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவள் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மதியச் சாப்பாட்டை மறந்துபோனாள். ஒரு முகத்தைப் பார்க்காமல் ஊரை விட்டு நகர மாட்டேன் என்கிற மனிதரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அப்படிப் பார்க்கப்படுகிற முகத்தின் மேல் ஒரு கணம் பொறாமைகூட வந்தது. எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை இது தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கிறாளே என்று வருத்தமும் வந்தது.

அந்த வருத்தத்தில்தான் அவர் கேட்காத ஒன்றைச் செய்தாள். இந்த ஊர் லாரிகளில் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே வழக்கமாக எழுதுகிற வரியை அடர்கறுப்பில் சேர்த்தாள்: ‘அப்பா, மெதுவாப் போங்க.’

அச்சு இயந்திரம் தாளை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. அவள் ஓரங்களைப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். சண்முகவேல் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண் கீழ் வரிக்கு வந்ததும் விரலை முதல் சொல்லின் மேல் வைத்தார்.

“ஏனுங்க, அந்த ‘அப்பா’ங்கறதை மட்டும் எடுத்துப்போடுங்க. மீதி இருக்கட்டும்.”

“எதுக்குங்கண்ணா? பிரிஞ்சு கெடந்தாலும் அப்பன் அப்பன்தானுங்களே” என்றாள், தன்னை அறியாமல்.

அவர் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

“இவ அப்பா ஆட்டையாம்பட்டியில தறி ஓட்டறாருங்க. பதினோரு வருசத்துக்கு முன்னால, ரோட்டைத் தாண்ட வந்தவ மேல வண்டியை ஏத்திக் கொன்னவன் நானுங்க.”