குப்பம்மாவின் ஜன்னல்

இரண்டு ஜோடி நுரையீரல், எழுபது ரூபாய்.

ஜோடி நாற்பது என்றுதான் சொன்னார்கள். விடாத இருமலுக்காகப் படம் எடுக்கப் போன எக்ஸ்ரே கடை வாசலில் மீன்காரி குப்பம்மாவைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சேர்த்து எடுத்தால் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் இருபது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவன். மீன் வாங்கினாலும் நெஞ்சைக் காட்டினாலும் சொன்ன விலையைக் கொடுத்துப் பழக்கமில்லை.

படம் எடுக்கும் யேசுதாசன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். குறைத்த பத்து ரூபாய்க்கு ஈடாக இரண்டு படத்தையும் ஒன்றாக மருந்தில் முக்கினார், ஒரே கொடியில் காயப்போட்டார், பழுப்பு உறையில் போட்டுப் பெயர் எழுதினார்.

இப்போது டாக்டர் வேதசிரோமணியின் அறையில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். என் படத்தைப் பார்த்தாகிவிட்டது. உறை என் மடியில் இருந்தது.

டாக்டர் குப்பம்மாவின் பெயர் போட்ட உறையைப் பிரித்து, படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார்.

குப்பம்மா கோவளத்துக்காரி. பேரத்தில் அவளை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயித்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் நெஞ்சில் நிழல் விழுந்திருந்தது. சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். நாலு மருந்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி. ரிஃபாம்பிசின் என்ற சிவப்பு மாத்திரையால் சிறுநீர் சிவந்தது. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

மீன் வாடை பட்டாலே குமட்டியது. அதற்குத்தான் அழுதாள்.

கூடை ஆறு மாதமாகக் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் அடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான். இன்று படம் சுத்தமாக இருந்தால் மாத்திரை நிற்கும், கூடை நிமிரும்.

படம் சுத்தமாக இருந்தது.

“நிழலே இல்லம்மா. மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. மாத்திரையை நிறுத்திடலாம். எதுக்கும் ஒத்துப் பார்க்கிறேன், பழைய படம் எங்கே?”

“அது ஜன்னல்ல கீது டாக்டரு.”

கண்ணாடி உடைந்த ஜன்னலில் மழைச்சாரல் அடிக்காமலிருக்க அதை வைத்து ஆணி அடித்திருந்தாளாம். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு வேறு காரணம்.

குப்பம்மா எழுந்தாள். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தக் கண்ணோடு படத்தின் அருகே போனாள். இடது தோளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இது என்னுது இல்ல.”

டாக்டர் உறையில் இருந்த பெயரைக் காட்டினார்.

“பேரு யாரு வேணா எழுதலாம் டாக்டரு. ஆறு மாசமா என் எலும்பு வழியாத்தான் வூட்டுக்குள்ள வெளிச்சம் வருது. அத்தப் பாத்துகினேதான் மாத்திரைய முழுங்குறேன். எனக்குக் காறை எலும்பு கோணல். கூடையோட பஸ்ஸுலேந்து வுழுந்து ஒடஞ்சது. இது நேரா கீது.”

எடை குறைந்தால் தராசைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடுதலாக விழுந்ததைத் தானே எடுத்துத் திருப்பி வைத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தன் உயிருக்காகத்தானே சொன்னாள் என்பீர்கள். வாஸ்தவம். அந்த மாத்திரையை ஒரு வாரம் விழுங்கிவிட்டு வந்து சொல்லுங்கள்.

அவள் திரும்பி என் மடியைப் பார்த்தாள்.

அந்த உறையில் இருந்த படத்தை டாக்டர் கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல். சளியைச் சோதிக்க வேண்டும், ஊர்ஜிதமானால் நாலு மருந்து, ஆறு மாதம். நாலை இரண்டாக்கி மூன்று மாதத்தில் முடித்துத் தர முடியுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். “மருந்தைக் குறைச்சா கிருமி பொழைச்சுக்கும். இது பாத்திரக்கடை இல்ல சார்” என்றுவிட்டார்.

தை மாதம் என் மகள் தனத்துக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் இந்தப் படத்தை எந்த அண்டாவுக்கு அடியில் ஒளிப்பது என்றுதான் அவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என் உறையை வாங்கி, படத்தை எடுத்துச் செருகினார்.

காறை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

ஒரே கொடியில் காய்ந்த படங்கள் உறை மாறியிருந்தன. குறைத்த பத்து ரூபாய் செய்த வேலை. நாங்கள் இருவருமே ஒல்லி, டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை.

குப்பம்மா நிழலை மட்டும் பார்த்தாள். “உள்ளங்கை அகலம் இருந்துச்சு. எலுமிச்சங்காயா சுருங்கிட்டுகீது.”

டாக்டர் மாத்திரை இன்னும் மூன்று மாதம் என்று எழுதினார்.

ஒரு மாதமாவது குறைக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். குப்பம்மாவாயிற்றே.

அவள் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நேரான எலும்புள்ள படத்தைத் தூக்கி, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, என் மடியில் வைத்தாள்.

“இந்தா மொதலாளி, உன்னுது. நல்ல சரக்கு. பேரம் பேசாம எடுத்துக்கோ.”

வெளியே வந்து மருந்துக்கடையில் இரண்டு பேரும் சீட்டை நீட்டினோம்.

அவளுக்கு நாளொன்றுக்கு மூன்று வீதம் தொண்ணூறு நாளைக்கு, மாத்திரை இருநூற்றெழுபது.

எனக்கு இருமல் மருந்து, ஒரு பாட்டில்.