சரக்குக் கொட்டகையில் ஒரு பெட்டி

விமான நிலையச் சரக்குக் கொட்டகையின் தகரக் கூரை மதிய வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போடுகிறது. பரிசோதனைக்கூடத்துக்காரி தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்து, யாரோ பிடுங்கப்போவதுபோல் அணைத்திருக்கிறாள். தொடவே ஆளில்லை என்பதுதான் சங்கதி. உள்ளே காய்ச்சல் வார்டு நோயாளிகளின் எச்சில். அதில் ஒன்று அவள் அண்ணன் மகளுடையது. என்ன காய்ச்சல் என்று கண்டுசொல்லும் கருவி கடல் தாண்டித்தான் இருக்கிறது. மூடி இடுக்கில் டிரை ஐஸின் வெள்ளைப் புகை நூலாக இளைக்கிறது. “நானும் கெஞ்சிப் பாத்துட்டேன் மேடம். பெட்டி மேல கிருமி அபாயம்னு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரப் பாத்ததும் பைலட் ஏத்த மாட்டேன்னுட்டாரு” என்று குமாஸ்தா மூக்கில் கைக்குட்டையோடு எட்டி நின்று சொல்கிறார். “நாளைக்கு?” “நாளைக்கு வேற பைலட். அவருக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல?” “அதுக்குள்ள ஐஸ் தீந்துடும் சார். அப்புறம் இது எதுக்கும் உதவாது.” அவள் கைப்பேசியில் ஒன்பது நாடுகளின் நோய்க் கண்காணிப்புக் கூட்டம் ஓடுகிறது. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று அவளுடைய இயக்குநர் உருகுகிறார். மைக்கை அணைக்க மறந்த ஒரு பெரியமனிதர் தேநீர் உறிஞ்சுவது கண்டங்கள் தாண்டித் தெளிவாகக் கேட்கிறது. வெளியே, தண்ணீர் சொட்டச் சொட்ட மீன்பெட்டிகள் மாப்பிள்ளை மிடுக்கோடு விமானத்தில் ஏறுகின்றன. கடைசிப் பெட்டியும் ஏறியாயிற்று. கைப்பேசித் திரையில் கூட்டத்தை மறைத்துக்கொண்டு அண்ணனின் அழைப்பு வருகிறது. “ஏத்திட்டாங்களாம்மா?” அவள் விமானத்தைப் பார்க்கிறாள். “கதவ மூடுறாங்கண்ணே” என்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.