அழுதுச்சா?

"புள்ள அழுதுச்சா?" என்று தொழவைக்கும் ஹஸ்ரத் கேட்டார். பள்ளிவாசல் படியில் நின்ற நூகுவின் கைகளில், பச்சைத் துண்டில் சுற்றியபடி அவன் மகன் கிடந்தான். பிறந்து இரண்டு மணி நேரம்தான். அதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. பிறந்ததும் ஒரே ஒரு தடவை, பூனைக்குட்டி மாதிரி முனகியிருந்தாலும் போதும், ஊரே வரிசையில் நின்று தொழுது அடக்கும். அழாத பிள்ளைக்குத் தொழுகை கிடையாது. துணியில் சுற்றி மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அழவில்லை என்றுதான் நர்ஸ் சொன்னாள். பெற்றவள் ஜுலைகாவோ நூகுவின் கையை விடவே இல்லை. "அழுதான் மச்சான், என் காதால கேட்டேன். நீங்க வெளியதானே நின்னீங்க, கேக்கலையா?" நூகு பிரசவ அறைக் கதவில் காதை வைத்தபடிதான் நின்றிருந்தான். மின்விசிறியின் கடகடப்பைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"அல்லாவுக்குப் பயந்து சொல்லுப்பா. நீ கேட்டியா?"

"கேட்டேன் ஹஸ்ரத்."

பெயர் யஹ்யா என்றான். மாலை அஸர் தொழுகைக்கு வந்த அத்தனை பேரும் நின்று தொழுதார்கள். மையவாடியில் முழ நீளக் குழிக்குள் பிள்ளையை இறக்கி, பலகை அடுக்கி, ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நூகு முதல் பிடியைப் போட்டான். இரண்டாவதையும் போட்டான். மூன்றாவதை அள்ளியபோது பலகைக்கு அடியில் பிள்ளை வீரிட்டு அழுதது. சுற்றிலும் பார்த்தான். யார் முகத்திலும் எந்த மாற்றமும் இல்லை.

"போடுப்பா, எல்லாரும் நிக்கிறாங்கல்ல" என்றார் ஹஸ்ரத்.