சோதனைக் கடிதம்

1985. சிராங்கூன் சாலை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில், விற்பனையாளர் ஷாகுல் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றைத்தான் வாங்கப் போகிறார்கள்.

"தினமும் தட்டப் போறது நீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க ரூபி," என்றார் முதலாளி ஒலி முகம்மது. "ஏதாவது ஒரு லெட்டர் அடிச்சுப் பாருங்க."

பதினெட்டு வருடமாக அங்கே டைப்ரைட்டரோடு குடித்தனம் நடத்தியவள் ரூபி. அடிக்க ஒரு கடிதம் அவள் மனதில் தயாராகவே இருந்தது.

முதல் மெஷின் படுத்தி எடுத்தது. ஒரு வார்த்தையைத் திருத்தக்கூடத் தலையணை சைஸ் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. "இது நமக்கு ஆகாதுலா," என்று எழுந்துவிட்டாள்.

இரண்டாவதில் எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று திரையிலேயே போட்டிருந்தது. பத்தே நிமிடத்தில் கடிதம் முடிந்தது. ரூபிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"முடிச்சுட்டீங்களா?" என்று ஆசையாகத் திரையை எட்டிப் பார்த்த முதலாளியின் முகம் வாடிப்போனது.

அது ரூபியின் ராஜினாமாக் கடிதம்.

"கம்ப்யூட்டரெல்லாம் நமக்கு வராது, அவமானப்படுறதுக்கு முன்னாடி போயிடலாம்னு நினைச்சேன் சார்."

"அப்ப போறீங்களா?"

"எங்க போறது? இதை மொத்தமா அழிக்க எதை அழுத்தணும்னு தேடிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க!"

ஒலி முகம்மது திரும்பிக் கத்தினார்.

"ஷாகுல், இதையே எடுத்துக்கிறோம்லா! முதல்ல வந்து அந்த அழிக்கிற பட்டனைக் காட்டுங்க!"