செம்பட்டையூட்டுப் பிள்ளை

"கலரெல்லாம் அடிக்கலீங்க டீச்சர். பொறந்ததுல இருந்தே செம்பட்டைங்க."

யமுனா நான்காவது முறையாகச் சொல்லிவிட்டாள். விளையாட்டு ஆசிரியை வனிதா நம்புவதாயில்லை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அதற்குள் தலைக்குக் கலர் அடித்த ஐந்து பேரைப் பிடித்துவிட்டார், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"செம்பட்டைன்னா எண்ணெய் காணாத முடி. உனக்குத்தான் எண்ணெய் வழியுதே, அப்புறமும் ஏன் செங்கல் நிறத்துல இருக்கு? நிஜத்தைச் சொன்னாத்தான் கபடி டீம்ல பேரு."

"எங்கம்மாவுக்கும் இதே முடிதாங்க. ஊருல எங்க ஊட்டையே செம்பட்டையூடுன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு அம்மாவை வரச் சொல்றேன், நீங்களே பாருங்க."

"வரச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் நாமக்கல்லுக்கு லிஸ்ட் அனுப்பணும்."

யமுனா பன்னிரண்டாம் வகுப்பு. இதை விட்டால் அவளுக்கு அடுத்த போட்டி கிடையாது.

வீட்டில், "டீச்சர் உன்னைப் பாக்கணும்னாங்க" என்று மட்டும் சொன்னாள். முடியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மாவின் முகம் சுண்டிவிடும். காலையில் முதல் பஸ்ஸிலேயே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மா மாதம்மாள் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டும் நீலப் புடவை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். காதோரம் மட்டும் அடுப்புக்கரி போல ஏதோ ஒட்டியிருந்தது.

வனிதா அவள் தலையைப் பார்த்தார். முடி கன்னங்கரேலென்று இருந்தது.

யமுனா அம்மாவின் தலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இதுதான் உங்க வீட்டுச் செம்பட்டையா? பண்றதையும் பண்ணிட்டுப் பொய் வேற." வனிதா பேனாவை எடுத்துப் பட்டியலில் யமுனாவின் பெயரை அடித்தார்.

மாதம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனுங்க டீச்சர், புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?"

"தலைக்குச் சாயம் அடிச்சிருக்கா. நீங்களும் பாத்துட்டு சும்மா இருந்திருக்கீங்க."

"அய்யோ, அவ இல்லீங்க." மாதம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நாந்தாங்க அடிச்சேன். ஆத்தாளும் மகளும் செம்பட்டைன்னு கூடப் படிக்கிறவங்க கேலி பண்ணிரக் கூடாதுன்னு, இவ பஸ் ஏறுன பொறவு பாக்கெட்டு வாங்கிக் கரைச்சு என் தலைக்குப் பூசிட்டு வந்தேனுங்க."